ஆட்டு ரத்தம் இங்கே, தம்பி ரத்தம் அங்கே

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். உண்மைதான். சாலையில் எவனாவது குறுக்கே காரை விட்டால் கண்ணாடியை இறக்கித் திட்டுவேன். அடுத்த விளக்கு வருவதற்குள் மறந்தும் விடுவேன். ஆனால் தம்பியின் முதுகெலும்பு விஷயத்தில் வந்த கோபம் அப்படி இறங்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இதை எழுத உட்கார்ந்தபோதுகூட முதல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். அவற்றில் வெறும் வசவுதான் இருந்தது.

ஈப்போவில் கால்நடைகளின் ரத்தத்தைச் சோதிக்கும் ஒரு கூடத்தில் நான் உதவியாளர். பத்தொன்பது வருடமாக அதே மேசை, அதே ஜன்னல். வேலை ஒன்றும் கஷ்டமில்லை. ஒரு வெள்ளைத் தட்டில் ஆட்டு ரத்தத்தின் தெளிந்த நீர் ஒரு சொட்டு; பக்கத்தில் ரோஸ் நிற மருந்து ஒரு சொட்டு. இரண்டையும் குச்சியால் கலந்து, தட்டை நாலு நிமிடம் மெதுவாக ஆட்ட வேண்டும். கலவை வழுவழுப்பாகவே இருந்தால் அது நல்ல ஆடு. திரிந்த பால் மாதிரி குருணை குருணையாகப் பிரிந்தால் அந்த ஆட்டுக்குப் புருசெல்லா கிருமி பிடித்திருக்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது. மேயும், கத்தும், கொழுக்கும். சினையானால் மட்டும் குட்டியைப் பாதியிலேயே செத்த பிண்டமாகப் போட்டுவிடும்.

அந்த ஆட்டின் பாலைக் காய்ச்சாமல் குடித்தால் மனிதனுக்கும் வரும். செத்த குட்டியை வெறுங்கையால் எடுத்தாலும் வரும். மாலையில் காய்ச்சல் ஏறும், விடிந்தால் வேர்த்து இறங்கும், மூட்டெல்லாம் வலிக்கும். கவனிக்காமல் விட்டால் முதுகெலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். இது யாரும் நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. கால்நடை டாக்டர் படிக்கிற புத்தகத்திலும் இருக்கிறது, மனிதர்களுக்கு மருந்து கொடுக்கிற டாக்டர் படிக்கிற புத்தகத்திலும் இருக்கிறது. எங்கள் கூடத்தில் கையுறை போடாமல் குழாயைத் தொட்டால் திட்டு விழும். நடைபாதையில் ஒரு பெரிய போஸ்டர் வேறு. ஆடு, டாக்டர், ஒரு குழந்தை மூவரும் நிற்கிற படம். மனிதருக்கும் விலங்குக்கும் ஆரோக்கியம் ஒன்றுதான் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அந்தப் படத்தில் ஆடு சிரிக்கிறது. எனக்கு இப்போது அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

தம்பி எனக்கு நாலு வயது இளையவன். எங்கள் அப்பா அம்மா ரப்பர்ப் பால் வெட்டிய தோட்டம் பத்து காஜா என்கிற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. செம்பனை வேலைக்கு வெளிநாட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். தோட்டத் தொழிலாளர்களுக்குக் கட்டின பழைய லயத்தில் எட்டுத் தமிழ்க் குடும்பங்கள் மட்டும் போக இடமில்லாமல் தங்கிவிட்டன. கம்பெனியும் இரு என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. தம்பி ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலை, அதாவது காவல் வேலை, பார்த்தான். ஆனால் அவன் உயிர் ஆடுகளில் இருந்தது. இரண்டில் ஆரம்பித்து இருபதுக்கு மேல் ஆக்கியிருந்தான்.

அந்தத் தோட்டத்தில் ஆடு மாடு வளர்க்கக் கூடாது என்று நுழைவாயிலிலேயே மலாய் மொழியில் பலகை உண்டு. பலகைக்குப் பின்னாலேயே ஆடுகள் மேயும். கம்பெனி சூப்பர்வைசரே தீபாவளிக்குத் தம்பியிடம்தான் கிடா வாங்குவார். எல்லாம் கண்டும் காணாமலும் நடக்கிற காரியம். ஆனால் எழுத்தில் வந்துவிட்டால் போச்சு. ஆட்டோடு சேர்த்து வீடும் போகும். அதனால் லயத்தில் ஒரு சட்டம். நிரப்புகிற பாரமும் பேனாவும் பிடித்துக்கொண்டு எவன் வந்தாலும் ஆடு இல்லை என்று சொல்ல வேண்டும். மக்கள்தொகைக் கணக்கு எடுக்க வந்தவர் கேட்டபோது, அவர் காலடியிலேயே ஒரு குட்டி கத்திக்கொண்டு நின்றதாம். "அது பக்கத்து வீட்டு ஆடு, விருந்தாளியா வந்திருக்கு" என்று தம்பி சொன்னதை வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

காலையில் பால் கறந்ததும் நுரையோடு ஒரு டம்ளர் அப்படியே குடிப்பான். காய்ச்சினால் சத்து செத்துப்போகும் என்பது அங்கே எல்லோரும் சொல்வது. மூச்சிழுப்பு உள்ள பிள்ளைகளுக்காக ஈப்போவிலிருந்து கார் போட்டு வந்து பாட்டிலில் வாங்கிப் போகிறவர்களும் பச்சைப் பால்தான் கேட்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் "காய்ச்சிக் குடிடா" என்றேன். அவன் டம்ளரை இறக்காமலே சொன்னான்:

"ஏன்க்கா, லேப்புல டியூப்பு கழுவுனா டாக்டர் ஆயிருவாங்களா?"

முற்றத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே சுருக்கென்று இருந்தது. அதற்கப்புறம் அந்தப் பேச்சையே நான் எடுக்கவில்லை.

போன வருடத்துக்கு முந்தின வருடக் கடைசியில், மழை நாளில், அவனுக்குக் காய்ச்சல் ஆரம்பித்தது. கிளினிக்கில் டெங்கி பார்த்தார்கள், இல்லை. அடுத்த தடவை, "ஆத்துல குளிச்சீங்களா, அருவிக்குப் போனீங்களா?" என்று கேட்டார்கள். எலி மூத்திரக் காய்ச்சலாக இருக்குமோ என்று சந்தேகம். அதுவும் இல்லை. மருந்து கொடுப்பார்கள், ஒரு வாரம் இறங்கும், மறுபடி ஏறும். ஆள் பாதியாக இளைத்தான். பிறகு இடுப்புக்கு மேலே வலி என்றான். மோட்டார் சைக்கிளில் உட்கார முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தபோது முதுகெலும்பில் இரண்டு கட்டை அரித்திருந்தது. முதுகெலும்பில் காசநோய் என்று முடிவு கட்டினார்கள்.

காசநோய் மாத்திரை தின்ற முதல் மாதம் கொஞ்சம் தேறினான். எங்களுக்கெல்லாம் நம்பிக்கை வந்துவிட்டது. அந்த மாத்திரைகளில் ஒன்று இந்தக் கிருமியையும் கொஞ்சம் அடக்கும் என்று பிற்பாடு ஒரு டாக்டர் சொன்னார். பாதி மருந்து பாதி நோயை மறைத்ததுதான் மிச்சம். மூன்றாம் மாதம் வலது கால் இழுக்க ஆரம்பித்தது. படுத்த படுக்கையாக வார்டில் சேர்த்தோம். நடப்பானா மாட்டானா என்று கேட்டால் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

இத்தனை மாதத்தில் அவனிடம் எத்தனையோ பேர் பாரம் நிரப்பினார்கள். என்ன வேலை என்று கேட்டார்கள், ஜாகா என்றான். வீட்டில் பிராணி உண்டா என்று ஒரு நர்ஸ் கேட்டாராம். "நாய் ஒண்ணு இருக்கு" என்றானாம். ஆட்டைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை.

எனக்கு விஷயம் தெரிந்தது ஆஸ்பத்திரி நடைபாதையில். தம்பி மனைவி என்னைப் பார்த்ததும் அழுதாள்.

"அந்த ஆட்டுங்க சாபம்தான் அண்ணி. மழையில மூணு ஆடு அடுத்தடுத்து செத்த குட்டியாப் போட்டுச்சு. யாரோ கண்ணு வச்சிட்டாங்கன்னு எலுமிச்சங்கா கட்டுனேன். இவுருதான் எல்லாத்தையும் கையால இழுத்துப் போட்டு, பொதைச்சிட்டு வந்தாரு. அதுலேர்ந்துதான் இந்தக் காய்ச்சல்."

"மூணு ஆடா? ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

அவள் தயங்கினாள். "நீங்க ஆட்டு ஆபீசுல வேல பாக்கிறீங்க. ஒங்களுக்குத் தெரிஞ்சா எழுதிக் குடுக்க வேண்டி வரும்னு, சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டாரு."

நான் கத்தினேன். நர்ஸ் ஓடி வந்து வெளியே போகச் சொல்கிற அளவுக்குக் கத்தினேன். பாவம், அவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது. ஆனால் அந்த நேரத்தில் கைக்கு அகப்பட்டது அவள்தான். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம், ஐந்து மாதம். ஈப்போவிலேயே, காரில் இருபது நிமிடத் தூரத்தில், இந்தக் கிருமியைத் தினமும் பார்க்கிற அக்காவை வைத்துக்கொண்டு.

நேராகத் தம்பியின் கட்டிலுக்குப் போனேன். டாக்டரிடம் ஆட்டைப் பற்றிச் சொல்லப்போகிறேன் என்றதும் அவன் முகம் மாறிப்போயிற்று.

"வேணாங்க்கா. ஆஸ்பித்திரியும் கவர்மெண்டு, ஒங்க ஆபீசும் கவர்மெண்டு, நிலத்து ஆபீசும் கவர்மெண்டு. ஒருத்தன்கிட்ட சொன்னா எல்லாருக்கும் தெரிஞ்சிரும்லா. எட்டுக் குடும்பம் இருக்கு அங்க. எனக்கு வந்த காய்ச்சலுக்கு அவங்க வீடு போவணுமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. எல்லாருக்கும் தெரிந்துவிடுமாம்! அப்படித் தெரிந்திருந்தால் அவன் அந்தக் கட்டிலில் ஏன் கிடக்கிறான்? பத்தொன்பது வருடத்தில் மனிதர்களைப் பார்க்கிற எந்த ஆஸ்பத்திரியிலிருந்தும் எங்கள் மேசைக்கு ஒரு போன் வந்து நான் பார்த்ததில்லை. நாங்களும் பேசியதில்லை. ஆட்டின் ரத்தம் ஒரு கட்டடத்தில், ஆட்டுக்காரனின் ரத்தம் இன்னொரு கட்டடத்தில். இவன் என்னவென்றால், கவர்மெண்டு என்பது ஒரே ஆள், அதற்கு ஒரே காது என்று பயந்து ஒளித்திருக்கிறான்.

"வீடு போனா வேற வீடு பாக்கலாம்டா. காலு போனா?" என்றேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். நான் அவன் பேச்சை மீறி டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அதற்காக நான் வருத்தப்படவில்லை.

டாக்டர் சின்ன வயதுப் பெண். தமிழ்ப் பெண்தான். நான் சொல்வதை முழுதாகக் கேட்டாள். காசநோய் என்று எழுதிய தாளை எடுத்து மறுபடி பார்த்தாள். "ஆறு, எலி, வயல், இதெல்லாம் கேப்போம்க்கா. ஆடு கேக்கணும்னு எங்களுக்குத் தோணல. சோரிக்கா" என்றாள். இந்த விவகாரம் முழுவதிலும் மன்னிப்புக் கேட்டது அந்த ஒரு பெண்தான். அன்றே ரத்தம் எடுத்து வெளியூர்ப் பரிசோதனைக்கு அனுப்பினாள். பத்து நாளில் முடிவு வந்தது. புருசெல்லாதான். மருந்தை மாற்றினார்கள். காய்ச்சல் இரண்டே வாரத்தில் நின்றது. கால் மட்டும் திரும்பவில்லை. நரம்பு ரொம்ப நாள் நசுங்கிக் கிடந்துவிட்டது, எவ்வளவு மீளும் என்று பார்க்கலாம் என்றாள். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

மனித நோய் என்று எழுதியாயிற்று அல்லவா, அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. அதிகாரிகள் லயத்துக்குப் போனார்கள், ஆடுகளுக்கு ரத்தம் எடுத்தார்கள். அந்தக் குழாய்கள் ஒரு செவ்வாய்க்கிழமை என் மேசைக்கு வந்தன. குழாயில் எண் மட்டும்தான் இருக்கும். எந்த ஊர், யார் ஆடு என்பது கோப்பின் முதல் தாளில் இருக்கும். அன்று எனக்குத் தாளைப் பார்க்கத் தேவை இருக்கவில்லை. இருபத்து மூன்று குழாய். நானே சொட்டு விட்டேன், நானே தட்டை ஆட்டினேன். நாலு நிமிடம்கூட ஆகவில்லை, குருணை கட்டியது. ஒன்றிரண்டல்ல, தட்டில் பாதி. பக்கத்து மேசைக்காரி, "வாவ், நல்ல ரிசல்ட்" என்றாள். எங்களிடையே அப்படிச் சொல்வது வழக்கம். கிருமி தெளிவாகத் தெரிந்தால் அது நல்ல ரிசல்ட். நான் கையுறையைக் கழற்றி அவள் மேசை மேல் எறிந்துவிட்டு வெளியே போனேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஆடுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தீபாவளிக் கிடா வாங்கின அதே சூப்பர்வைசர், ஆடு வளர்ப்பதே எனக்கு இப்போதுதான் தெரியும் என்கிற முகத்தோடு கம்பெனிக் கடிதத்தை எட்டு வீட்டுக் கதவிலும் ஒட்டினார். வீட்டை விட்டுப் போகச் சொல்லவில்லை, இதுவரைக்கும். ஆனால் லயத்தில் பாதிப் பேர் தம்பி வீட்டோடு பேசுவதில்லை. என்னோடு யாருமே பேசுவதில்லை.

அதற்கடுத்த வாரம் ஆபீசில் போன் அடித்தது. என் மேலதிகாரி இல்லை. கடற்கரை ஊரான லூமுட்டில் ஒரு ஹோட்டலில் கூட்டம். மனித மருத்துவமும் கால்நடை மருத்துவமும் சேர்ந்து எப்படி வேலை செய்வது என்பதைப் பற்றித்தான் கூட்டம். இதை நான் கேலிக்குச் சேர்க்கவில்லை. போனை நான் எடுத்தேன். மனிதர்களின் சுகாதாரத்தைப் பார்க்கிற ஆபீசிலிருந்து ஒருவர் பேசினார். மரியாதையான குரல். அந்தப் பக்கத்து ஆடுகளில் முன்னால் எப்போதாவது இந்தக் கிருமி தெரிந்திருக்கிறதா என்று கேட்டார்.

கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டு அலமாரியைத் திறந்தேன். இருந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தின கோப்பு. தம்பியின் லயத்திலிருந்து மோட்டாரில் பத்து நிமிடம். பழைய ஈயச் சுரங்கக் குட்டையைத் தாண்டினால் வருகிற அடுத்த தோட்டம். தம்பி அங்கேயிருந்துதான் இனவிருத்திக்குக் கிடா கொண்டு வருவான். நான் ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னேன். அவர் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. "இது எங்களுக்கு வரவே இல்லையே" என்றார். "நீங்க கேக்கவே இல்லையே" என்றேன். அப்படிச் சொன்னதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது, மறைக்கமாட்டேன்.

மேலதிகாரி திரும்பி வந்ததும் கூப்பிட்டார். "யாரக் கேட்டு சொன்னீங்க? எழுத்துல கேட்டாத்தான் எழுத்துல குடுக்கணும். ரூல் தெரியாதா ஒங்களுக்கு?"

"என் தம்பிக்குக் காலு வெளங்கல சார். ஒங்க ரூலைத் தூக்கிக் குப்பையில போடுங்க" என்றேன். அறைக்கு வெளியே எல்லோருக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். மறுநாள் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் கொடுத்தார்கள்.

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை தம்பி வீட்டுக்குப் போனேன். இரும்பு நடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்து பழகிக்கொண்டிருந்தான். வலது பாதம் தரையைத் தேய்த்துக்கொண்டே போகும். நான் உட்காராமலே எல்லாவற்றையும் கொட்டினேன். போன் வந்தது, கோப்பைத் திறந்தது, மேலதிகாரியிடம் கத்தியது, எல்லாம். தம்பிக்காகச் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்கிற வீம்பு என் குரலில் இருந்திருக்க வேண்டும்.

"ரெண்டு வருசமாடா! ரெண்டு வருசமா அலமாரியில கெடந்திருக்கு. ஒரு பய ஒங்கிட்ட வந்து பாலக் காய்ச்சிக் குடின்னு சொல்லல. ஏன் காய்ச்சணும்னு சொல்லல. மனுசனுங்களா இவனுங்க?"

அவன் நின்றுவிட்டான். சட்டத்தின் மேல் பாரத்தைப் போட்டு மூச்சு வாங்கினான். அவன் முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"அந்த ஆட்டுங்க ரத்தத்த டெஸ்ட் பண்ணி எழுதுனது யாருக்கா?"

எங்கள் கூடத்தில் அந்தச் சோதனை செய்வது ஒரே மேசை, என் மேசை. அன்றைக்கு இருந்தது எத்தனை குழாய் என்று எனக்கு நினைவில்லை. கோப்பின் முதல் தாளைப் புரட்டியிருந்தால் தோட்டத்தின் பெயர் தெரிந்திருக்கும். புரட்டக் கூடாது என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை.

"நான்தான்" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். பிறகு சட்டத்தை ஓர் அடி முன்னால் தூக்கி வைத்து, காலை இழுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போனான்.